இரவில் ரயில் படம்: குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது, உதவி தேவை

இரவுவண்டி:
நாளைக்கு மறுபடியும் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள். ராத்திரி நடைமேடையில் இருந்து, நிற்காமல் போகிற ரயிலை எடுத்தால் படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். பகலில் அதே கேமரா, அதே லென்ஸ், ஒரு குறையும் இல்லை. செட்டிங் எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். லென்ஸ் போய்விட்டதா?

முக்காலி:
என்ன ஷட்டர் வேகம், அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே விட்டீர்கள்? ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், எவ்வளவு? கையில் பிடித்தா, ஸ்டாண்டிலா? 'எல்லாம் சரி' என்றால் எதை வைத்துச் சொல்வது?

பழையஃபிலிம்:
லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். ஹெட்லைட் நேராக விழும்போது ஃபில்டரில் பட்டுத் தெறித்துப் பச்சைப் பச்சையாகப் புள்ளி வரும். இரவு ரயிலுக்குப் பாதித் தலைவலி அதுதான்.

முக்காலி:
அவர் கேட்பது பட்டை. புள்ளி இல்லை.

அபெர்ச்சர்:
வாரம் ஒருவர் இதையே கேட்கிறார். கையேட்டைப் புரட்டுகிற வழக்கமே போய்விட்டது. இருட்டில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து இழுத்து இழுத்து வெளிச்சமாக்கினால் பட்டை வராமல் என்ன வரும்? நிறைய வெளிச்சம் உள்ளே விடும் எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் பகலில் எடுங்கள்.

இரவுவண்டி:
என்னுடையது எஃப்/1.8தான். ஷட்டர் 1/1000 விநாடி, ஐஎஸ்ஓ 6400. கையில் பிடித்து எடுத்தது. வெளிச்சம் எதுவும் கூட்டவில்லை, கேமரா திரையிலேயே பட்டை தெரிகிறது. ரயில் வேறு கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, பக்கத்துக் கம்பம் நேராகத்தான் நிற்கிறது.

லூப்லைன்:
அந்தக் கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் இத்தனை பேச்சே வேண்டாம். கம்பம் நேர், ஓடுகிற பெட்டி மட்டும் சாய்வு என்றால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். சத்தமில்லாத ஷட்டரில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். அது சென்சாரை, அதாவது படம் விழும் சில்லை, வரி வரியாகப் படிக்கும், சில கேமராக்களில் மேலிருந்து கீழே வர 1/20 விநாடிகூட ஆகும், அதற்குள் ரயில் நகர்ந்துவிடுவதால்தான் சாய்வு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. 1/20 விநாடியில் ஐந்து தடவை. விளக்கு மங்கும் நேரத்தில் படித்த வரிகள்தான் உங்கள் கறுப்புப் பட்டை. நிஜமாகவே திறந்து மூடுகிற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள், அப்புறம் ஃப்ளிக்கர், அதாவது விளக்கு மங்கி எரிவதன் பாதிப்பு, குறைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். பல கேமராக்களில் அது எலக்ட்ரானிக் ஷட்டரோடு வேலை செய்யாது.

அபெர்ச்சர்:
இதைத்தான் கையேட்டில் போட்டிருக்கிறான்.

சும்மாவந்தவன்:
இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு ஃபிளாஷ் போட்டால் தீர்ந்தது.

முக்காலி:
தயவுசெய்து வேண்டாம். இருட்டுக்குப் பழகிய ஓட்டுநரின் கண்ணில் பளீரென்று அடித்தால் சிக்னல் எப்படித் தெரியும்?

பழையஃபிலிம்:
அமெரிக்கப் புகைப்படக்காரர் வின்ஸ்டன் லிங்க் என்ன செய்தார்? 1955இல் தொடங்கி நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி ரயில்களை ராத்திரியில் எடுத்ததெல்லாம் ஃபிளாஷில்தானே.

முக்காலி:
ரயில்வே ஒத்துழைப்போடு, ஃபிளாஷ் பல்புகளை வயர் இழுத்து வரிசையாகக் கட்டி எடுத்தவர் அவர். நடைமேடையில் எட்டிப்பார்த்துப் பளிச் அடிப்பதும் அதுவும் ஒன்றா? தவிர, திறந்தவெளி சினிமா தியேட்டரை ஒட்டி ரயில் போவதாக 1956இல் அவர் எடுத்த படத்தில், சினிமாத் திரையில் தெரியும் விமானத்தைப் பிறகு வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்தார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளிறிவிட்டது.

பழையஃபிலிம்:
சேர்த்தால் என்ன? இருட்டறையில் செய்வதும் புகைப்படக் கலைதான். ரயிலை ஒட்டவைக்கவில்லையே.

சும்மாவந்தவன்:
அப்படியானால் இன்று நாம் ஏதாவது ஒட்டினால் மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

அபெர்ச்சர்:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

இரவுவண்டி:
மெக்கானிக்கலில் பட்டை போய்விட்டது, சாய்வும் இல்லை. நன்றி. ஆனால் ரயில் முகப்பில் ஊர்ப்பெயர் ஓடும் எல்இடி போர்டில் பாதி எழுத்துதான் விழுகிறது.

லூப்லைன்:
அந்த போர்டில் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரியும். 1/1000இல் ஒரு பங்குதான் சிக்கும். 1/100, இல்லாவிட்டால் 1/60க்கு இறக்கி, கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுத்துப் பாருங்கள். நிற்கிற ரயில் என்றால் இன்னும் சுலபம். நடைமேடைக் கோட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள். படம் வந்ததா?

லூப்லைன்:
ஆள் இருக்கிறாரா?

பழையஃபிலிம்:
ஃபில்டரைக் கழற்றினாரா என்று கடைசிவரை சொல்லவே இல்லை.