புதுப்பிப்பு: ஏர் ஃபில்டர் மாற்றிய பின் எழுந்த விசில் சத்தம்

என் பெட்ரோல் காரில் இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றிய பிறகு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விசில் போன்ற சத்தம் வருவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது. நேற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியை மீண்டும் திறந்தபோது, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பள்ளத்துக்குள் அமராமல் மடிந்திருந்ததையும், மூடியின் பின்புறக் கொக்கிகளில் ஒன்று துளைக்குள் நுழையாமல் வெளியே நின்றதையும் கண்டேன். முன்பக்கக் கிளிப்புகள் இரண்டும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதால் எல்லாம் சரியென்று நம்பியிருந்தேன் (அவசரம்தான், வேறென்ன). அந்த இடைவெளி வழியாகக் காற்று வடிகட்டப்படாமலே உள்ளே போயிருக்கிறது. பெட்டியின் அடியில் கிடந்த மணலையும் காய்ந்த இலைத் துணுக்குகளையும் துடைத்தெடுத்து, விளிம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்தி, கொக்கிகளை முதலில் மாட்டிய பின்னரே கிளிப்புகளைப் பூட்டினேன். இன்று காலை 40 கிலோமீட்டர் ஓட்டியதில் சத்தம் அறவே இல்லை.