கோத்தகிரி வீட்டு வாசலுக்குத் தேக்கா, ஸ்டீலா?

வணக்கம். கோத்தகிரியில் அம்மா வீட்டு வாசல் கதவை மாற்றப் போகிறோம். கிழக்குப் பார்த்த வாசல். வடகிழக்குப் பருவமழையில் சாரல் நேராகக் கதவில்தான் அடிக்கும். இப்போதுள்ள கதவு அடியில் ஊறி, நிலையில் இறுகிக்கொள்கிறது. அம்மா தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறக்கிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஆசாரி தேக்கு போடச் சொல்கிறார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அவ்வளவு சீக்கிரம் ஊறாது, சரி. விலைதான் யோசிக்க வைக்கிறது. தம்பி ஸ்டீல் கதவு என்கிறான். பனிக்காலத்தில் உள்பக்கம் வியர்த்துத் துருப்பிடிக்காதா? மலையில் போட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், நன்றாகக் காய்ந்த தேக்கு குன்னூர், ஊட்டியிலேயே கிடைக்குமா, மேட்டுப்பாளையம் இறங்க வேண்டுமா? ஐப்பசிக்குள் மாட்டிவிட வேண்டும்.