1942இல் காணாமற்போன சின்ன அப்பாரு எந்த வழியாகச் சென்றிருப்பார்?

காங்கயத்துப் பேரன்:
எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) தம்பி, மீசை அரும்பும் வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்துக் கப்பலேறியவர். 1942இல் அவரைக் காணவில்லை என்று அரசாங்கத் தாள் ஒன்று வந்தது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அந்தத் தாளும், மயிலைக் காளையை விற்றுவிட வேண்டாம் என்று ஊர்ப்பெயர் குறிக்காமல் அவர் எழுதிய கடைசிக் கார்டும் எங்களிடம் உள்ளன. வீட்டில் எல்லோரும் பர்மா என்கிறார்கள். எனக்கு மலாயாவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

ஈரோடு, தபால்தலை சேகரிப்பவர்:
வீட்டார் சொல்லும் ஊரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அக்காலத்தில் நம் பக்கத்தில் கடல் கடந்து போன எவரையும் பர்மாவுக்குப் போனவராகவே சொல்லிவிடுவார்கள். கார்டில் ஊர்ப்பெயர் இல்லாததற்குத் தணிக்கைதான் காரணம். ஆனால் அதன்மேல் விழுந்திருக்கும் களத் தபால் நிலைய முத்திரையில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய நிலையம் எந்தத் தேதியில் எங்கே இயங்கியது என்பதை, ராணுவத் தபால் முத்திரைகளைத் தொகுத்திருக்கும் நூல்களில் பார்க்கலாம். தேதியும் முக்கியம். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கினர். சனவரி 7இல் சிலிம் ஆற்றங்கரையில் நம் படை சிதறியது. சனவரி 31இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பயிற்சி முற்றுப்பெறாத இளைஞர்களையும் அந்தச் சனவரியில் அங்கே அனுப்பினார்கள். உங்கள் தாளில் 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால், அது சிங்கப்பூர் சரணடைந்த நாள். அவர் அன்றுதான் மறைந்தார் என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

குன்னூர், ஓய்வுபெற்ற ஹவில்தார்:
தாளில் உள்ள அவருடைய சிப்பாய் எண்ணை மட்டும் அனுப்பினால் ஆவணப் பிரிவில் எதையும் தேட முடியாது. படைப்பிரிவின் பெயரும் வேண்டும். பெங்களூர் என்றவுடன் ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ்தான் நினைவுக்கு வரும், ஆனால் அங்கே வேறு பிரிவுகளும் இருந்தன. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் அதன் மையம் இருக்கும் எங்கள் வெலிங்டனில் கேட்கலாம். மனுவில் ‘திருப்பூர் மாவட்டம்’ என்று எழுதாதீர்கள். அம்மாவட்டம் 2009இல்தான் உருவானது. அக்காலப் பதிவில் கோயம்புத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலூகா என்றுதான் இருக்கும்.

கோபி, வரலாற்று ஆசிரியர்:
சிங்கப்பூரோடு வழி முடிந்துவிட்டதாகவும் கொள்ள வேண்டாம். பிப்ரவரி 17இல் இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பூங்காவில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூகினியிலும் நியூபிரிட்டனிலும் வேலை வாங்கக் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்களில் பசியாலும் நோயாலும் இறந்தவர்களின் கல்லறைகள் லே, ரபாவுல் போர்க் கல்லறைத் தோட்டங்களில் இருக்கின்றன. கல்லறை இல்லாதவர்கள் பெயர்களைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் 24,000க்கும் மேற்பட்டவையும், பர்மாவின் தவுக்கியான் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000மும் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழனிச்சாமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்தர் எப்படி எழுதினாரோ தெரியாது. ஆகையால் தகப்பனார் பெயரையும் ஊரையும் கொண்டு தேடுங்கள். அவர் பெயர் எந்தச் சின்னத்தில் இருக்கிறது என்பதே மலாயாவா பர்மாவா என்ற உங்கள் கேள்விக்குப் பெருமளவு விடை சொல்லிவிடும்.

காங்கயத்துப் பேரன்:
மூவருக்கும் நன்றி. கார்டின் முத்திரை பாதி அழிந்திருக்கிறது, ஆனால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன. தாளின் மேல்புறத்தில் ஆங்கிலத்தில் ‘சாப்பர்ஸ்’ என்ற சொல் இருப்பதாக அக்கா படித்துச் சொன்னாள். பெங்களூருக்கு இந்த வாரமே எழுதுகிறேன். முத்திரையின் படத்தை ஈரோட்டு அன்பருக்குத் தனியே அனுப்புகிறேன்.

ஈரோடு, தபால்தலை சேகரிப்பவர்:
இரண்டு இலக்கங்கள் கிடைத்தாலே பட்டியல் மிகவும் குறுகிவிடும். கார்டின் பின்புறத்தையும் சேர்த்தே படமெடுங்கள். தணிக்கை முத்திரையிலும் ஓர் எண் இருக்கக்கூடும்.