லீ-என்ஃபீல்டு துப்பாக்கி வார்: முத்திரை தெரியாத ஒன்றின் காலத்தைக் கணிக்க உதவி வேண்டும்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைத் தோளில் மாட்டும் மூன்று நூல் வார்கள் என்னிடம் உள்ளன, மூன்றும் ஒன்றேகால் அங்குல அகலம், இரு முனையிலும் பித்தளைக் கவ்வி. முதலாவதில் சிக்கல் இல்லை: மை முத்திரையில் 'எம்.இ.கோ.' (மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி), 1941, அம்புக்குறி (பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதன் அடையாளம்). இரண்டாவதில் 'சி' எழுத்துக்குள் அம்பு, ஆகவே கனடா.

மூன்றாவதுதான் புதிர். பித்தளைக்குப் பக்கத்தில், முத்திரை வழக்கமாக இருக்கும் இடத்தில், பச்சை பிளாங்கோ (ராணுவ வார்களுக்குப் பூசும் வண்ணப் பூச்சு) தடிமனாக அப்பியிருக்கிறது. கழுவிப் பார்க்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் பட்டால் பருத்தி சுருங்கும், மையும் கலங்கிவிடும். பித்தளையையும் பாலீஷ் போடவில்லை. ஆழமில்லாத எழுத்து இருந்தால் தேய்ந்தே போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒரு அம்பின் நுனி மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான்.

பிரிந்த ஓர் இழையைக் கொளுத்தினேன்: காகித வாசனை, மிருதுவான சாம்பல். உருகி மணியாகத் திரளவில்லை, எனவே நைலான் இல்லை. ஆனால் எஸ்.எல்.ஆர். (லீ-என்ஃபீல்டுக்கு அடுத்து வந்த துப்பாக்கி) காலத்திலும் இதே மாதிரி வார்கள் இருந்ததால் பருத்தி என்பது மட்டும் காலத்தைச் சொல்லாது. புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை, அதாவது பிற்கால நூலுக்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. (ஒளிர்ந்திருந்தாலும் பிற்காலச் சலவைத்தூள் காரணமாக இருக்கலாம்.)

கேள்விகள் இரண்டு. பிளாங்கோவை உலர்நிலையிலேயே, மையைத் தொடாமல் எடுக்க மென்தூரிகை போதுமா? இந்தியாவில் நெய்த வார்களை வைத்திருப்பவர்கள் முனைக்கவ்வி, நெசவு விளிம்பு இரண்டையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் போட முடியுமா?