தண்ணியை அளந்து குடிக்கிற வீடு

மதுரைப்பொண்ணு:

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி, மெஷின் எல்லாம் பழகிப்போச்சு. பழகாதது தண்ணிதான். முந்தின நாள் போன சிறுநீர் எவ்வளவோ, அதோட அரை லிட்டர் சேர்த்தா வர்றதுதான் இன்னைக்குக் கணக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாவுக்கு இப்போ 200 மில்லிதான் போகுது. ஆக 700. காபி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாமே அதுக்குள்ள. காலையில ஒரு பாட்டில்ல 700 மில்லி ஊத்தி வைச்சிருவோம். அவர் காபி குடிச்சா அதே அளவு தண்ணியை பாட்டில்லேருந்து எடுத்துத் துளசிக்கு ஊத்திருவோம். செடி நல்லாத் தழைச்சு நிக்குது.

நல்லா இருக்கிற சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுதாம். நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் கணக்குல ஒன்பது கேன். அதுல ஒண்ணரை லிட்டர் போல வெளிய விட்டுட்டு மிச்சத்தைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிருது. இதைக் கேட்டதும் லாரி ஷெட்ல முப்பது வருஷம் மூட்டை தூக்கின எங்கப்பா, "ஒம்பது கேனா? கூலி கேக்காம தூக்கியிருக்கே"ன்னார்.

போன சித்திரையில மாமா ஊர்லேருந்து இளநீர் கொண்டுவந்தார். சூடு தணியும்னு பாசமா ரெண்டு வெட்டிக் குடுத்துட்டார். நான் வேலையில இருந்தேன். சாயங்காலம் அப்பாவுக்குக் காலு வெலவெலத்துப் போய் எந்திரிக்க முடியல. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். ஈசிஜி சரியில்ல, பொட்டாசியம் 7-க்கு மேல. ராத்திரியோட ராத்திரியா டயாலிசிஸ் போட்டாங்க. நமக்குன்னா இளநீர்ல இருக்கிற பொட்டாசியம் சிறுநீர்ல போயிரும். அவருக்குப் போக வழியில்ல, ரத்தத்துல தேங்கி இதயத்தைப் பிடிச்சிருது. அம்மா இன்னும் மாமாகிட்ட முகம் குடுத்துப் பேசல.

டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காகக் கையில தமனியையும் சிரையையும் இணைச்சு ஃபிஸ்டுலா போட்டிருக்கு. காலையில எந்திரிச்சதும் மணிக்கட்டைக் காதுல வைச்சு அதுல ரத்தம் ஓடுற உர்ர் சத்தத்தைக் கேப்பார். கேட்டுட்டு "ஓடுதுடி"ன்னு சொன்னப்புறம்தான் வீட்ல காபி.

ஜவுளிக்கடை செல்வி:

அக்கா, படிச்சதும் எழுதத் தோணுச்சு. நான் ஆறு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில நின்னவ (கடை பேர் வேண்டாம்). எங்க செக்‌ஷன் நாலாவது மாடி, பொம்பளைங்க பாத்ரூம் தரைத்தளம். ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு இறங்கணும். அவர் வாட்சைப் பார்ப்பார். அதுக்குப் பயந்தே காலையில ஒரு டம்ளர் காபியோட சரி, சாயங்காலம் வரைக்கும் தண்ணி தொட மாட்டோம். தீபாவளி சீசன்ல மூணு மணிக்கு இறங்கிப் போனா டிகாஷன் நிறத்துல சொட்டுச் சொட்டா எரிஞ்சுக்கிட்டு வரும். நீர்க்கடுப்புன்னு சோம்புத் தண்ணி குடிச்சு ஓட்டினேன். ஒரு தடவை குளிர் தூக்கிப் போட்டு, விலாவுக்குப் பின்னாடி அப்படி ஒரு வலி. கிருமி மேல ஏறி சிறுநீரகம் வரைக்கும் போயிருச்சுன்னாங்க. நாலு நாள் ட்ரிப்ஸ். 2021-ல கடை ஆளுங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சுல்ல, எங்களுக்கும் ஸ்டூல் வந்துச்சு. பாத்ரூம் மட்டும் அதே தரைத்தளம்தான்.

கல்லடைப்பு கணேசன்:

எனக்குக் கல்லு. 4 மில்லிமீட்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்புல ஆரம்பிச்சு அடிவயித்துக்கு இறங்குச்சு பாருங்க, தரையில புரண்டேன். பைக்ல சரக்கு டெலிவரி பண்றவன், வெயில்ல வேர்வையாவே எல்லாம் போயிரும், குடிக்கிறதும் கம்மி. தானா விழுந்துரும்னு மாத்திரை குடுத்து, டீ வடிகட்டியில பிடிச்சுப் பாக்கச் சொன்னாங்க. ஒன்பதாம் நாள் விழுந்துச்சு, உடைஞ்ச கல்கண்டு மாதிரி. இதுக்கா அந்தப் பாடுன்னு வீட்டுக்காரி சிரிச்சா. வடிகட்டி புதுசு வாங்கியாச்சு.

ஒண்ணு, அக்கா. எனக்கு ஊரே வாழைத்தண்டு ஜூஸ் சொல்லுச்சு. அதுலயும் பொட்டாசியம் இருக்கு, யாராவது அன்பா அப்பாவுக்குக் கொண்டுவந்துரப் போறாங்க.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:

பத்து வருஷமா மெஷின் பக்கத்துல நிக்கிறேன். உள்ள வந்ததும் எடை பார்ப்போம். ரெண்டு ட்ரீட்மென்ட்டுக்கு நடுவுல 4 கிலோ ஏறி வர்றவங்க உண்டு. அத்தனையும் தண்ணிதான். அதை நாலு மணி நேரத்துல இழுக்கும்போது பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டுக் கத்துவாங்க, பாக்கச் சகிக்காது. தண்ணியை மட்டும் பூட்டி வைச்சுப் பிரயோஜனம் இல்ல அக்கா. தாகத்தைக் கிளப்புறது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இதைப் பாருங்க முதல்ல. வாய் வறண்டா ஐஸ் கட்டி குடுங்க, அதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

மதுரைப்பொண்ணு:

தம்பி, சொன்னது சரிதான். விசாரிச்சதுல தினமும் மோருக்கு மாங்கா ஊறுகாய் தொட்டிருக்கார், அம்மாதான் சப்ளை. நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு. நேத்து எடை 1.6 கிலோதான் ஏறியிருந்துச்சு. ஊறுகாய் ஜாடியை அம்மா எங்க ஒளிச்சு வைச்சிருக்காங்கன்னு இப்போ எனக்கும் தெரியல.