போர் தண்ணீரும் பல் கறையும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பெண்ணாகரத்தான்:
1996இல் சென்னையில் கல்லூரி விடுதிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஒரு மாலை அறைக்குத் திரும்பியபோது, என் பாயின் மேல் பிரிக்கப்படாத ஒரு பிரஷும் ஒரு பற்பசைக் குழாயும் வைக்கப்பட்டிருந்தன. வைத்தவன் என் அறைத்தோழன். அவன் கேலி செய்யவில்லை. என்னிடம் வாங்கக் காசில்லை என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டான். எங்கள் தர்மபுரிப் பக்கத்து ஊர்க்காரர்களின் முன்பற்களில் குறுக்காக ஓடும் அந்தப் பழுப்புப் பட்டையைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. இது பிறவியிலிருந்து குடித்த போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பால் வந்தது, தேய்த்தால் போகாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அந்தப் பிரஷால் ஒரு மாதம் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தேன். இதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

காவிரிக்கரை மருமகள்:
நான் கும்பகோணத்திலிருந்து பாலக்கோட்டுக்கு வாழ வந்தவள். ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சொன்னதால், மகன் பிறந்த நாளிலிருந்து அவனுக்கான நீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்தே கொடுத்தேன். பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிந்த பொருக்கைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, கெட்டதெல்லாம் இதோ வெளியே வந்துவிட்டது என்று மாமியாரிடம் பெருமையாகக் காட்டியதுகூட நினைவிருக்கிறது. ஏழாவது வயதில் அவனுக்கு முளைத்த புதிய முன்பற்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போலத் திட்டுகள் இருந்தன. பல் மருத்துவர்தான் சொன்னார்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நான் சுரண்டியது வெறும் சுண்ணாம்புப் படிவு. முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருந்த முதல் மூன்று ஆண்டுகளில், அக்கறை என்ற பெயரில் நானே அதைச் சற்றுக் கெட்டியாக்கி ஊட்டியிருக்கிறேன்.

இயற்கை வழி:
சகோதரிக்கு மருத்துவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நஞ்சு தண்ணீரில் மட்டுமா இருக்கிறது? கடையில் விற்கும் பற்பசையிலும் அதே ஃபுளோரைடுதானே இருக்கிறது? எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பற்பசையைத் தூக்கி எறிந்துவிட்டு வேப்பங்குச்சிக்கும் பற்பொடிக்கும் மாறிவிட்டோம். ஒருவருக்கும் கறை இல்லை.

பல் மருத்துவமனைச் செவிலி:
"இயற்கை வழி" நண்பர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். ஆற்றுநீர் குடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, பற்பசையை விட்டதால்தான் கறை இல்லை என்பது, குடை பிடித்ததால்தான் வெயில் காலத்தில் மழை வரவில்லை என்பதைப் போன்றது. எனாமல் உருவான பிறகு புதிதாக இந்தக் கறை விழாது. ஆகவே பெரியவர்கள் பற்பசையை எறிந்து பயனில்லை. இங்கே விற்கும் பற்பசையில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரை ஃபுளோரைடு இருக்கலாம், ஆனால் அது துப்புவதற்கானது. குடிநீருக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. விழுங்கும் வயதுக் குழந்தைக்கு பிரஷில் பற்பசையை மூன்று வயதுவரை அரிசி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் வைத்தால் போதும்.

கறை இல்லை என்பதாலேயே பல் நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. எங்கள் நாற்காலியில் சென்ற மாதம் உட்கார்ந்த ஆறு வயதுச் சிறுமிக்குக் கறை என்று ஒன்றுகூட இல்லை. கடைவாயில் ஐந்து பல் சொத்தை. அவள் கையில் பாதி குடித்த குளிர்பானப் பாட்டில் இருந்தது. வாயின் அமிலநிலையைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும்; அந்தப் பானங்கள் மூன்றை ஒட்டி நிற்பவை. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்ததைத் திரும்ப நிரப்பும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

கிணறு வெட்டியவர் மகன்:
என் தந்தையைப் பின்னாலிருந்து அழைத்தால் கழுத்தைத் திருப்ப மாட்டார். காலை நகர்த்தி நகர்த்தி உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பார். மூட்டுவாதம் என்றே எட்டு ஆண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். பேத்தியைத் தொட்டிலில் இருந்து தூக்க வந்தவர், குனிய முடியாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "நீயே எடுத்துக் கொடுப்பா" என்று சொன்ன அந்தக் குரல்தான் என் காதில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்த பிறகே எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடு என்று தெரிந்தது. இது புதிய நோயும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937இலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், நீருக்கான வரம்பை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், எவ்வளவு குடிக்கிறோம் என்பதையும் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள நீரை நிழலில் இருப்பவர் இரண்டு லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம். வெயிலில் கிணறு வெட்டிய என் தந்தை ஆறு லிட்டர் குடித்தார், ஆக 18. வெயிலில் உழைப்பவரிடம் தண்ணீரைக் குறை என்று சொல்ல முடியாது. நீரைத்தான் மாற்ற வேண்டும். கேழ்வரகை விடாதீர்கள், நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உணவில் கால்சியம் இருந்தால் குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். களி தின்ற வீடுகள் ரேஷன் அரிசிக்கு மாறியதில் இந்தக் காவலும் போயிற்று. மோரையும் நெல்லிக்காயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு, எனவே அதே போர் நீரில் நாளுக்கு ஆறு முறை கடுந்தேநீர் போடாதீர்கள். ஆர்ஓ வடிகட்டி ஃபுளோரைடின் பெரும்பகுதியை எடுக்கும், கால்சியத்தையும் சேர்த்தே எடுக்கும். வாங்கும் முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும் நீர்தான் கெட்டது என்ற எண்ணத்தையும் விடுங்கள். கால்சியம் குறைந்த, வாய்க்கு மென்மையான நீரில்தான் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்கும்.

பெண்ணாகரத்தான்:
ஐயா கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு எங்கள் தெருவுக்கும் காவிரி நீர் வருகிறது. அதற்குப் பின் பிறந்த என் தங்கை மகளின் பற்களில் பட்டை இல்லை. குடிக்க அந்த நீர்தான் என்று அம்மா சத்தியம் செய்கிறார். சமைக்க மட்டும் இன்னும் போர் தண்ணீர்தானாம். ஏன் என்று கேட்டேன். "குழாய்த் தண்ணியில பருப்பு வேகாம விறைவிறையா நிக்குதுடா, இதுல போட்டா வெண்ணெயா குழையுது" என்றார்.