பயனற்ற தகவல்களைத் தெரிந்துகொள்வது வீண்தானா?

வானம்பாடி:
வெள்ளிக் கோள் சூரியனை 225 நாட்களில் சுற்றி வந்துவிடுகிறது. தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள அதற்கு 243 நாட்கள் வேண்டும். இதை வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யப்போவதில்லை. ஆனாலும் படித்ததிலிருந்து மனம் துள்ளுகிறது. இந்த மகிழ்ச்சியை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கறார்:
எனக்கு வீண் என்றே படுகிறது. துணுக்குகளைச் சேர்க்கச் சேர்க்க, நிறையத் தெரியும் என்ற மயக்கம்தான் வளர்கிறது. பொய்யும் கலந்து வருகிறது. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று எத்தனை பேர் சொல்லித் திரிந்தார்கள்! 2003-இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை என்றார். அதன் பிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

தும்பி:
எது எப்போது பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் ஒரு பாக்டீரியா வாழ்வதை 1960-களில் கண்டார்கள். அன்று அது ஒரு வினோதச் செய்தி. வெப்பம் தாங்கும் அதன் நொதிதான் பின்னாளில், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைகளுக்குக் கைகொடுத்தது.

கறார்:
அது ஆய்வாளர்களின் உழைப்பு. செய்தியைப் படித்து வியந்தவருக்கு அதில் என்ன பங்கு?

வானம்பாடி:
இந்த இடத்தில் நான் கறார் பக்கம். தும்பி, பயனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். பயன் இல்லாவிட்டாலும் இந்த இன்பம் இன்பம்தான். ஆக்ஸ்போர்டில் 1096-லேயே பாடம் நடந்திருக்கிறது. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகர் டெனோச்டிட்லானை நிறுவியது 1325-இல் என்பது மரபான கணக்கு. ஆஸ்டெக் என்றால் தொல்பழங்காலம், பல்கலைக்கழகம் என்றால் நேற்றையது என்று நம் மனம் யாரையும் கேட்காமல் ஒரு வரிசையைப் போட்டு வைத்திருக்கிறது. இந்த இரண்டு ஆண்டு எண்களே அதைக் கலைத்துப்போடுகின்றன. நாம் உறுதியாக நம்பியது நம் கண்முன்னே புரளும்போது வரும் அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

கறார்:
புரள்வதற்கு முதலில் வரலாறு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு இவை வெறும் எண்கள்.

தும்பி:
இதற்கு வரலாறு தேவையில்லை: ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலுக்கு. நீந்தும்போது உடலுக்கான இதயம் நின்றுவிடுவதால் விரைவில் களைத்துப்போகிறது. ஊர்ந்து செல்வதே அதற்கு எளிது.

கறார்:
இதை ஏற்கிறேன், ஏனென்றால் இதில் காரணம் இருக்கிறது. மூன்று இதயம் என்பதோடு நிறுத்தியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

வானம்பாடி:
எனக்கு மூன்று என்பதே போதும்.